எக்ஸ்-கதிரும் ரேடியோவும் சேர்ந்தே ஏறினால் அது கண்டுபிடிப்பு ஆகுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தருமபுரியில் எம்.எஸ்சி இயற்பியல் படிக்கும் பாலக்கோட்டுத் தம்பி ஒருவர், ப்ராஜெக்ட்டுக்காக 64 செயலூக்கக் கேலக்ஸிகளின் (மையக் கருந்துளை வாயுவை விழுங்கி ஒளிர்பவை) எக்ஸ்-கதிர் ஒளிர்திறனையும் ரேடியோ ஒளிர்திறனையும் பொதுத் தரவுத்தளங்களிலிருந்து திரட்டி, இரண்டுக்கும் மடக்கை எடுத்து வரைபடம் போட்டிருக்கிறார். செம்பெயர்ச்சி (தூரத்தைக் காட்டும் அளவு) 0.003 முதல் 0.3 வரை. ஒட்டுறவுக் கெழு 0.92 வந்திருக்கிறது. கைடு பார்த்துவிட்டு, "இதை ரிசல்ட்னு எழுதாதப்பா" என்று சொல்லிவிட்டாராம். ஏன் எழுதக்கூடாது, அப்படியானால் எந்தத் தொடர்பு உண்மையானது, தொலைநோக்கி எதுவும் இல்லாமல் இங்கே உட்கார்ந்தபடி உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

தம்பி, கைடு சொன்னது சரி. காரணத்தைச் சொல்லாமல் விட்டதுதான் குறை. கிருஷ்ணகிரிப் பக்கம் புள்ளியியல் நடத்துகிறவன் என்பதால் நான் கணக்குப் பக்கமிருந்தே ஆரம்பிக்கிறேன். இயற்பியல் தானாகப் பின்னால் வரும்.

எந்தத் தொலைநோக்கியும் ஒளிர்திறனை, அதாவது பொருள் மொத்தமாக வெளியிடும் கதிர்வீச்சை, நேரடியாக அளப்பதில்லை. அது அளப்பது பாயம், அதாவது நம்மிடம் வந்து சேர்கிற கதிர்வீச்சின் அளவு. அதைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கித்தான் ஒளிர்திறனைப் பெறுகிறோம். எக்ஸ்-கதிருக்கும் அதே பெருக்கல், ரேடியோவுக்கும் அதே பெருக்கல், இரண்டிலும் அதே தூரம். உங்கள் பட்டியலில் மிக அருகிலுள்ளதற்கும் மிகத் தொலைவிலுள்ளதற்கும் தூரத்தில் 100 மடங்குக்கு மேல் வித்தியாசம். வர்க்கம் எடுத்தால் 10,000 மடங்கு. பாயத்துக்கு அத்தனை வீச்சு கிடையாது. மங்கலானவை கருவிக்கு எட்டாது. மிகப் பிரகாசமானவை வானத்தில் எண்ணிக்கையிலேயே குறைவு. பெரும்பாலான பட்டியல்களில் முக்கால்வாசிப் பொருள்கள் பத்து, இருபது மடங்கு பாய வீச்சுக்குள் அடங்கிவிடும்.

இதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். எக்ஸ்-கதிர்ப் பாயத்துக்கும் ரேடியோ பாயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தனித்தனியாகப் பத்து மடங்கு வீச்சுக்குள் சிதறிக் கிடக்கின்றன. மடக்கையில் அது 1 அலகு அகலம். தூரம் 100 மடங்கு, அதன் வர்க்கம் மடக்கையில் 4 அலகு அகலம். சீராகப் பரவிய ஒரு மாறியின் விலக்க வர்க்கச் சராசரி, அகலத்தின் வர்க்கத்தை 12ஆல் வகுத்தது. தூரப் பகுதிக்கு 16/12, அதாவது 1.33. பாயத்துக்கு 1/12, அதாவது 0.083. இரண்டு ஒளிர்திறனுக்கும் பொதுவாக இருப்பது 1.33, மொத்தம் 1.416. ஒன்றை மற்றதால் வகுத்தால் ஒட்டுறவுக் கெழு 0.94.

சம்பந்தமே இல்லாத இரண்டு எண்களுக்கு 0.94! உங்களுடைய 0.92 அதைவிடக் குறைவு. "முக்கியத்துவம் 0.0001க்குக் கீழே" என்று மென்பொருள் அச்சடித்துக் கொடுத்திருக்கும், அதை நம்பிவிடாதீர்கள். அந்தச் சோதனை "இந்த இரண்டு பத்திகளுக்கும் தொடர்பே இல்லையா?" என்று மட்டும் கேட்கிறது. இல்லாமல் எப்படிப் போகும், தூரத்தை இரண்டிலும் கலந்தது நாம்தானே.

நம்ம ஊர்க் கணக்காகச் சொன்னால்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்களில் டீக்கடை எத்தனை, செருப்புக்கடை எத்தனை என்று எண்ணி வரைபடம் போடுங்கள். ஓசூர் வலது மேல் மூலையில் நிற்கும், அஞ்செட்டிப் பக்கத்துக் குக்கிராமங்கள் இடது கீழ் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் பென்னாகரமும் அரூரும் வரிசையாக வரும். டீ குடித்தால் செருப்பு தேயும் என்று யாரும் முடிவு கட்டமாட்டோம். மக்கள்தொகையால் வகுத்துவிட்டு அப்புறம் பார்ப்போம். வானியலில் அந்த மக்கள்தொகையின் இடத்தில் தூரம் நிற்கிறது.

சரி, தூரத்தை எப்படிக் கழிப்பது? பாடப்புத்தக வழி பகுதி ஒட்டுறவு. எக்ஸ்-கதிருக்கும் ரேடியோவுக்கும் உள்ள கெழுவிலிருந்து, எக்ஸ்-கதிர்–தூரம் கெழுவையும் ரேடியோ–தூரம் கெழுவையும் பெருக்கிக் கழிக்க வேண்டும் (பிறகு ஒரு வகுத்தல் உண்டு, அது அளவைச் சரிசெய்யத்தான்). மேலே போட்ட உதாரணத்தில் ஒவ்வொன்றுக்கும் தூரத்தோடு உள்ள கெழு 0.97. பெருக்கினால் 0.94. 0.94 கழித்தல் 0.94, ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் 64 கேலக்ஸிகளுக்கும் இதைப் போடுங்கள். மிச்சம் 0.4 வந்தால்கூட எனக்கு அது அந்த 0.92-ஐவிட மதிப்பானது.

ஒளிர்திறனே வேண்டாம், பாயத்துக்கு எதிராகப் பாயத்தை மட்டும் வரைந்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. உள்ளே இருக்கும் தொடர்பு நேர்விகிதமாக இல்லாவிட்டால் பாய வரைபடத்தில் அது கலங்கிப்போகும்; உண்மையான தொடர்பையும் தொலைத்துவிடுவோம். எனக்குப் பிடித்த வழி கலைத்துப் பார்ப்பது. செம்பெயர்ச்சிப் பத்தியையும் எக்ஸ்-கதிர்ப் பத்தியையும் அப்படியே வைத்துக்கொண்டு, ரேடியோ பாயப் பத்தியை மட்டும் சீட்டுக் குலுக்குவதுபோல் கலைத்துவிடுங்கள். புதிய ஒளிர்திறன், புதிய கெழு. இதை 10,000 தடவை கணினியில் ஓட்டுங்கள். சாதாரண மடிக்கணினிக்குச் சில நொடி வேலை. கலைத்த கெழுக்கள் 0.88 முதல் 0.95 வரை விழுந்தால் உங்கள் 0.92 அந்தக் கூட்டத்தில் ஒன்று, அவ்வளவுதான். 0.80-ஐத் தாண்டவே இல்லையென்றால் கைடிடம் தைரியமாகப் போகலாம்.

இது மாணவர்களுக்கு மட்டும் வரும் வம்பு இல்லை. 2003இல் மெர்லோனி, ஹைன்ஸ், டி மத்தேயோ மூவரும் கருந்துளைச் செயல்பாட்டின் அடிப்படைத் தளம் என்று ஒன்றை வெளியிட்டார்கள்; ஃபால்க்கே, கோர்டிங், மார்காஃப் குழு தனியாக அதே இடத்துக்கு 2004இல் வந்து சேர்ந்தது. ரேடியோ ஒளிர்திறன், எக்ஸ்-கதிர் ஒளிர்திறனின் 0.6 அடுக்கையும் கருந்துளை நிறையின் 0.78 அடுக்கையும் பெருக்கியதுபோல் போகிறது என்பது அதன் சாரம். சூரியனைப் போல் பத்து மடங்கே நிறையுள்ள நம் பால்வீதிக் கருந்துளைகளிலிருந்து கோடிக்கணக்கான மடங்கு நிறையுள்ளவை வரை ஒரே தளத்தில் உட்கார்ந்தன. 2005இல் ப்ரெக்மன் உங்கள் கைடு கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: இது தூரம் செய்த வேலை இல்லையா? அடுத்த ஆண்டு வந்த பதிலில் பகுதி ஒட்டுறவும் கலைத்துப் பார்க்கும் சோதனையும்தான் ஆயுதங்கள். தளம் தாக்குப்பிடித்தது. ஆனாலும் சிதறல் பெரிது; அதை வைத்து ஒரு தனிக் கருந்துளையின் நிறையை அளந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

இன்னொரு ஓட்டை, உங்கள் பட்டியலில் "கண்டறியப்படவில்லை" என்றிருந்த கேலக்ஸிகள். அவற்றை நீக்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீக்கக்கூடாது. ரேடியோவில் தெரியவில்லை என்றால் அது இந்த அளவுக்குக் கீழே என்பது தெரிகிறது; மேல்வரம்பு என்பார்கள், அதுவும் ஒரு தகவல். மங்கலானவற்றை எறிந்துவிட்டால் மிஞ்சுவது பிரகாசமானவை மட்டும், கோடு தானாகவே நிமிர்ந்துகொள்ளும். இதற்கான மருந்து மருத்துவத்திலிருந்தே வந்தது: ஆய்வு முடியும்போது உயிரோடு இருக்கிற நோயாளியின் ஆயுளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதற்காக 1958இல் காப்லன், மையர் இருவரும் தந்த முறை. 1985 வாக்கில் ஃபைகல்சனும் நெல்சனும் அந்தக் குடும்பத்து முறைகளை வானியலின் மேல்வரம்புகளுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். அப்போது ஐன்ஸ்டைன் எக்ஸ்-கதிர் செயற்கைக்கோளின் தரவில் பல குவேசார்களுக்கு (மிகப் பிரகாசமான செயலூக்க மையங்கள்) மேல்வரம்புதான் இருந்தது என்கிற அளவுக்கு நெருக்கடி. இன்று இவை பைத்தானிலும் ஆர் மொழியிலும் ரெடிமேடாகக் கிடைக்கின்றன.

இத்தனை வடிகட்டலுக்குப் பிறகும் நிற்கிற தொடர்புகள் உண்டு. அவை ஏன் நிற்கின்றன என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு வரி: மையக் கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வாயு வட்டாகப் படிந்து சூடேறிப் புறஊதாவில் ஒளிர்கிறது, வட்டுக்கு மேலே நூறு கோடி டிகிரி அளவில் சூடான எலக்ட்ரான்களின் கொரோனா, வட்டிலிருந்து கிளம்பும் புறஊதா ஃபோட்டான்கள் அந்த எலக்ட்ரான்களில் மோதி ஆற்றல் வாங்கி எக்ஸ்-கதிராக வெளியேறுகின்றன, வெளிப்புறத்தில் இருக்கும் தூசு புறஊதாவை விழுங்கி அகச்சிவப்பாகத் திருப்பித் தருகிறது, சிலவற்றில் மையத்திலிருந்து பீறிடும் தாரையும் சேர்ந்து ரேடியோவில் முழங்குகிறது.

முதலில் வட்டும் கொரோனாவும். 2500 ஆங்ஸ்ட்ராம் புறஊதாவையும் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்-கதிரையும் இணைக்கிற சரிவை ஆல்ஃபா-ஓஎக்ஸ் என்பார்கள். 1979இல் டானன்பாமும் கூட்டாளிகளும் ஐன்ஸ்டைன் செயற்கைக்கோள் தரவை வைத்துத் தொடங்கிவைத்தது. அந்த இரண்டு புள்ளிகளுக்கும் அதிர்வெண்ணில் ஏறக்குறைய 400 மடங்கு இடைவெளி. ஆல்ஃபா -1.5 என்றால் ஒவ்வொரு அதிர்வெண் அலகுக்கும் எக்ஸ்-கதிர் புறஊதாவில் 8,000இல் ஒரு பங்கு. பிறகு நாற்பதாண்டுகளாக ஆயிரக்கணக்கான குவேசார்களில் திரும்பத் திரும்பக் கிடைத்தது இது: எக்ஸ்-கதிர் ஒளிர்திறன் புறஊதா ஒளிர்திறனின் சுமார் 0.6 அடுக்காக ஏறுகிறது. புறஊதா பத்து மடங்கு கூடினால் எக்ஸ்-கதிர் நாலு மடங்குதான் கூடும். பிரகாசமான குவேசார் தன் வருமானத்தில் கொரோனாவுக்குக் கொடுக்கும் பங்கு குறைவு. ஏன் என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட கோட்பாடு இன்னும் கிடையாது. கொரோனாவைச் சூடாக்குவது வட்டின் காந்தப்புலம் என்பது பரவலான எண்ணம்.

அந்த 0.6இல் ஓர் அழகு இருக்கிறது. சரிவு சரியாக 1 ஆக இருந்தால் இரண்டு பக்கமும் தூரம் அடிபட்டுப்போகும். 0.6 ஆக இருப்பதால் அடிபடாமல் ஒரு மிச்சம் தங்குகிறது. ஆகவே இரண்டு பாயத்தையும் அளந்தால் தூரத்தையே கண்டுபிடிக்கலாம்! இவ்வளவு நேரம் நாம் துரத்திக்கொண்டிருந்த தூரம் இங்கே விடையாக வந்து நிற்கிறது. ரிசாலிட்டி, லூசோ இருவரும் 2015 முதல் இதைத்தான் செய்கிறார்கள். கேலக்ஸியின் தூசு மறைக்கும் குவேசார்கள், தாரை கலந்தவை எல்லாவற்றையும் நீக்கியபோது சிதறல் பழைய 0.4 மடக்கை அலகிலிருந்து 0.24க்கு இறங்கியது. இறங்கியும் ஒரு தனிக் குவேசாரின் தூரத்தில் இரண்டு மடங்கு பிழை வரும், அதனால்தான் மொத்தமாகத் திரட்டிச் சராசரி எடுக்க வேண்டியிருக்கிறது. 2019இல் சுமார் 1,600 குவேசார்களை வைத்து, தொலைதூரத்தில் அண்டத்தின் விரிவு வழக்கமான மாதிரியிலிருந்து விலகுகிறது என்றார்கள். பலர் ஒப்புக்கொள்ளவில்லை. தேர்ந்தெடுத்த விதமே அந்த விலகலைக் கொடுத்திருக்கலாம் என்பது எதிர்த்தரப்பு. நானும் இப்போதைக்கு அந்தப் பக்கம்தான்.

அகச்சிவப்பு விஷயம் இன்னும் நேரடியானது. 12 மைக்ரான் ஒளிர்திறனும் 2 முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்-கதிர் ஒளிர்திறனும் கிட்டத்தட்ட நேர்விகிதத்தில் போகின்றன. 2009இல் காந்தி என்ற வானியலாளரின் குழு சிலியிலுள்ள வெரி லார்ஜ் டெலஸ்கோப் என்ற தொலைநோக்கியால் கேலக்ஸியின் மையத்தை மட்டும் பிரித்தெடுத்து இதைக் காட்டியது. மையத்தை மட்டும் என்பது முக்கியம்: கேலக்ஸி முழுவதையும் சேர்த்து அளந்தால் விண்மீன் பிறக்கும் இடங்களின் தூசும் சேர்ந்துவிடும். வட்டு நேராகத் தெரிகிற முதல் வகையும், தூசு மறைத்த இரண்டாம் வகையும் ஒரே கோட்டில் விழுந்ததுதான் அதில் வியப்பு. வழவழவென்ற தடித்த வளையமாகத் தூசு இருந்திருந்தால் அப்படி விழாது. கட்டிகட்டியாக இருக்க வேண்டும்.

இந்தக் கோட்டிலிருந்து கீழே விழுந்தவற்றைக் கவனியுங்கள். என்ஜிசி 1068 என்ற கேலக்ஸி அகச்சிவப்பில் கொழிக்கிறது, ஆக்சிஜன் உமிழ்வுக் கோடும் பலமாக இருக்கிறது, எக்ஸ்-கதிர் மட்டும் சோனி. மூல எக்ஸ்-கதிர் நம் பார்வைக்கோட்டிலுள்ள அடர்ந்த வாயுவில் புதைந்திருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 10இன் 24ஆம் அடுக்குக்கும் மேலான ஹைட்ரஜன் அணுக்கள். 2022இல் தென்துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்க்யூப் கருவி, அதே கேலக்ஸியிலிருந்து எதிலும் எளிதில் மோதாத நியூட்ரினோ துகள்கள் வருவதாகச் சொன்னது. எக்ஸ்-கதிர் ஏமாற்றிய இடத்தில் நியூட்ரினோ தப்பி வந்திருக்கிறது. கோட்டை மட்டும் பார்த்துவிட்டு விலகல்களை "பிழை" என்று ஒதுக்கியிருந்தால் இப்படிப்பட்டவை அகப்படாது.

உங்கள் ரேடியோவுக்கு வருகிறேன். 64இல் ரேடியோ முழக்கம் உள்ளவையும் அமைதியானவையும் கலந்திருக்கின்றனவா? ரேடியோ பாயத்தை நீல ஒளிப் பாயத்தால் வகுத்தால் 10க்கு மேல் வருபவை முழக்கமானவை என்பது வழக்கம்; குவேசார்களில் பத்தில் ஒன்று. அவற்றில் தாரையே எக்ஸ்-கதிரும் தரும். அமைதியானவற்றைவிட எக்ஸ்-கதிரில் சுமார் மூன்று மடங்கு பிரகாசம் என்று 1981லேயே சமோரானி குழு காட்டிவிட்டது. இரண்டு கூட்டத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டால் இரண்டு மேகங்களை இணைக்கும் ஒரு போலிக் கோடு கிடைக்கும். அமைதியானவற்றை மட்டும் எடுங்கள். ரேடியோவுக்கும் எக்ஸ்-கதிருக்குமான விகிதம் லட்சத்தில் ஒன்று என்ற அளவில் நிற்கும். லாவோர், பெஹார் இருவரும் 2008இல் சுட்டியபடி, சூரியனைவிடச் சுறுசுறுப்பான கொரோனா உள்ள விண்மீன்களிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். அப்படியென்றால் அமைதியான குவேசாரின் ரேடியோவும் கொரோனாவிலிருந்தே வரலாம்.

தூரத் தொல்லையே இல்லாத வழியும் ஒன்று உண்டு: தூரம் கலக்காத அளவுகளையே எடுத்துக்கொள்வது. எக்ஸ்-கதிர் நிறமாலையின் சரிவு, ஹெச்-பீட்டா என்ற ஹைட்ரஜன் நிறமாலைக் கோட்டின் அகலம், நிறமாலைக் கோடுகளின் விகிதம். இவற்றைக் கணக்கிடத் தூரம் தேவையே இல்லை. 1992இல் போரோசனும் க்ரீனும் 87 குவேசார்களின் ஒளியியல் நிறமாலையை முதன்மைக் கூறு ஆய்வில் (பல அளவுகள் சேர்ந்து மாறும் திசைகளைத் தேடும் முறை) போட்டபோது, இரும்புக் கோடு பலமானால் ஆக்சிஜன் கோடு மெலிகிறது என்ற அச்சு முதலில் வந்து நின்றது. 1996இல் போல்லர், பிராண்ட், ஃபிங்க் மூவரும் ரோசாட் எக்ஸ்-கதிர் செயற்கைக்கோளின் தரவில், ஹெச்-பீட்டா அகலம் நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்குக் கீழே உள்ளவற்றில் மென் எக்ஸ்-கதிர் சரிவு செங்குத்தாகிறது என்றார்கள். சிறிய கருந்துளை தன் தகுதிக்கு மீறி விழுங்குவதுதான் இரண்டுக்கும் காரணம் என்பது இன்றைய புரிதல். உங்கள் ப்ராஜெக்ட்டை நானாக இருந்தால் இந்தப் பக்கம் திருப்பிவிடுவேன்.

கோடு பொருத்தும்போது ஒரு எச்சரிக்கை. எதை எதன்மேல் பொருத்துகிறீர்கள்? கெழு 0.8 உள்ள ஒரு தரவில் எக்ஸ்-கதிரைப் புறஊதாமேல் பொருத்திச் சரிவு 0.6 வந்தால், அதே புள்ளிகளில் புறஊதாவை எக்ஸ்-கதிர்மேல் பொருத்தித் திருப்பி எழுதினால் 0.94 வரும். (0.6-ஐக் கெழுவின் வர்க்கமான 0.64ஆல் வகுத்துப் பாருங்கள்.) ஒன்றில் கொரோனா பின்தங்குகிறது, மற்றதில் கிட்டத்தட்ட நேர்விகிதம், இயற்பியலே மாறிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே எந்தக் கோட்டை எப்போது எடுப்பது என்று 1990இல் ஒரு நல்ல கட்டுரை வந்தது. அதை எழுதிய நால்வரில் ஒருவர் நம் நாட்டிலிருந்து சென்ற புள்ளியியலாளர் ஜோகேஷ் பாபு.

20 அளவுகளைச் சேர்த்து எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் கெழு போடும் ஆசையும் வரும். 190 ஜோடிகள்; 0.05 வரம்பில் ஒன்பது, பத்து ஜோடிகள் சும்மாவே "முக்கியம்" என்று தலையாட்டும். எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் கணினியைத் திறங்கள்.

இங்கிருந்தே செய்யலாமா? தாராளமாக. எக்ஸ்-கதிர் வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது, ஆகவே எந்த ஊரில் இருந்தாலும் செயற்கைக்கோள் தரவுதான் எல்லாருக்கும். நாசாவின் ஹீசார்க் தளம், ஸ்லோன் வான் ஆய்வு, பிரான்சின் விசியர் அட்டவணைகள் எல்லாம் இலவசம்; டாப்கேட் என்ற மென்பொருளில் இரண்டு பட்டியல்களை ஆயத்தொலைவு வைத்துப் பொருத்திவிடலாம். பொருத்தும்போது ஒன்று: எக்ஸ்-கதிர் சில மணி நேரத்திலேயே இரண்டு மடங்கு ஏறி இறங்கும். 1990இல் எடுத்த எக்ஸ்-கதிரையும் 2005இல் எடுத்த புறஊதாவையும் சேர்த்தால் சிதறலில் ஒரு பங்கு வெறும் காலவேறுபாடு. இதற்குத்தான் 2015 செப்டம்பர் 28இல் இஸ்ரோ அனுப்பிய ஆஸ்ட்ரோசாட் அருமை. புறஊதாவையும் எக்ஸ்-கதிரையும் ஒரே நேரத்தில் ஒரே பொருளில் பார்த்தது. அதன் புறஊதாத் தொலைநோக்கியை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஓசூர் எல்லை தாண்டி ஹோசகோட்டையில்தான் பூட்டியது. தரவு இஸ்ரோவின் காப்பகத்தில் பதிவு செய்தால் கிடைக்கும். கண்ணால் ஒரு பெரிய தொலைநோக்கியைப் பார்க்க ஆசையென்றால் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது, 2.34 மீட்டர் வேணு பாப்பு தொலைநோக்கி. கிருஷ்ணகிரியிலிருந்து திருப்பத்தூர் வழி.

இப்போதைக்கு அந்த 64ஐயே வைத்துக்கொண்டு மூன்று வேலை செய்யுங்கள்: நீக்கிய மேல்வரம்புகளைத் திரும்பச் சேருங்கள், ரேடியோ முழக்கமானவற்றைத் தனி நிறத்தில் குறியுங்கள், ரேடியோ பத்தியைக் கலைத்து ஓட்டுங்கள். பிறகு கோட்டிலிருந்து மிகவும் கீழே விழுந்த ஐந்தாறு கேலக்ஸிகளின் பெயரை எடுத்து, அவற்றின் ஹைட்ரஜன் அடர்த்தியை ஒவ்வொன்றாகத் தேடிப் பக்கத்தில் எழுதிக் கைடிடம் கொண்டுபோங்கள்.